விண்டோஸ் போடுவதற்கு முன்பே டிரைவர் வேண்டும்: ஒரு லேப்டாப் நிறுவனத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் கணினிப் பழுதுபார்ப்புக் கடை வைத்திருக்கிறேன். உங்கள் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இந்த டிரைவர் விஷயத்தை மின்னஞ்சலில் முன்பே எழுதியிருக்கிறேன். எடுத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

விஎம்டி என்பது, ஃபைல்களையெல்லாம் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியை நிர்வகிக்க இன்டெல் பிராசசரில் இருக்கும் ஒரு வசதி. அதை விண்டோஸுக்குப் புரியவைக்கும் சிறு மென்பொருள்தான் விஎம்டி டிரைவர். அதைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இன்டெல் 11-ஆம் தலைமுறை பிராசசர் வந்ததிலிருந்து உங்கள் மாடல்கள் பலவும் விஎம்டி ஆன் செய்யப்பட்டுத்தான் வருகின்றன. அந்த டிரைவரைக் கொடுக்காவிட்டால் விண்டோஸ் இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டி இருப்பதே தெரியாது. இது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியும், என்னைப் போன்றவர்களுக்கும் தெரியும். காசு கொடுத்து வாங்கியவருக்குத்தான் தெரியாது.

போன மாதம் புதுவயல் அரிசி ஆலை ஒன்றின் கணக்கர் என்னிடம் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போனார். உங்கள் நிறுவன லேப்டாப்தான் அவருடையது, அதிலிருந்த பழைய எஸ்எஸ்டி செத்துவிட்டது. 20-ஆம் தேதிக்குள் மாதாந்தர ஜிஎஸ்டி கணக்கான 3பி படிவத்தைப் போட்டாக வேண்டும். தள்ளிப் போனால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரிக்கு வட்டி வேறு. பாலிடெக்னிக் படிக்கும் அவருடைய அக்கா மகன் பொறுப்பாக எல்லாம் செய்திருக்கிறான். புது எஸ்எஸ்டியை மாட்டி, பென்டிரைவில் விண்டோஸ் 11 ஏற்றி, இன்ஸ்டால் வரை போய்விட்டான். எந்த டிரைவில் போடுவது என்று கேட்கும் இடத்தில் பட்டியல் வெறுமையாக இருந்தது. ஒரு வரிகூட இல்லை. மறுநாள் காலை கடை திறந்ததும் கணக்கர் எஸ்எஸ்டியை மேசைமேல் வைத்தார். "அண்ணே, தெரிஞ்ச கடைன்னுதானே உங்ககிட்ட வாங்கினேன்" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

அதே எஸ்எஸ்டியை வேறு கணினியில் போட்டுக் காட்டினேன். முழுக் கொள்ளளவும் தெரிந்தது. அப்போதும் அவர் முகம் தெளியவில்லை. சரி, டிரைவரை இறக்கலாம் என்று உங்கள் தளத்துக்குப் போனேன். சீரியல் எண் கேட்டது. லேப்டாப்பின் அடிப்பக்க ஸ்டிக்கர் தேய்ந்து போயிருந்ததால், விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் திரையில் பார்த்து எழுதிக்கொண்டேன். ஸ்டோரேஜ் பகுதியில் இருந்தது ஒரே ஒரு எக்ஸ்இ ஃபைல், அதாவது விண்டோஸுக்குள் திறந்தால்தான் ஓடும் ஃபைல். என் கடைக் கணினியில் அதைத் திறந்தால், இந்தக் கணினிக்கு இது பொருந்தாது என்று சொல்லி மூடிக்கொண்டது. பொருந்த வேண்டிய லேப்டாப்பிலோ விண்டோஸே இல்லை. பெட்டகத்துச் சாவியைப் பெட்டகத்துக்குள்ளேயே வைத்துப் பூட்டிக் கொடுத்ததுபோல் இருக்கிறது இது.

கடைசியில் இன்டெல் தளத்திலிருந்து, விஎம்டி டிரைவர் அடங்கிய ஆர்எஸ்டி ஃபைலை இறக்கி, கமாண்ட் பிராம்ப்ட்டில் 'எக்ஸ்ட்ராக்ட் டிரைவர்ஸ்' கட்டளை கொடுத்துப் பிரித்தேன். உள்ளே விஎம்டி ஃபோல்டரில், விண்டோஸ் இன்ஸ்டாலர் நேராகப் படிக்கும் டிரைவர் ஃபைல்களான ஐஎன்எஃப், சிஸ், கேட் ஃபைல்கள் இருந்தன. அதைப் பென்டிரைவில் போட்டு, இன்ஸ்டாலரில் 'லோட் டிரைவர்' அழுத்திக் காட்டியவுடன் எஸ்எஸ்டி பட்டியலில் வந்து உட்கார்ந்தது. இவ்வளவுதான் வேலை. அந்த ஃபோல்டரை அப்படியே ஜிப் செய்து உங்கள் பக்கத்தில் வைத்திருந்தால், அந்தப் பையன் புதுவயலிலேயே முடித்திருப்பான்.

நான் கேட்பதும் அதுதான். விஎம்டி ஆன் செய்து விற்ற ஒவ்வொரு மாடலுக்கும், பிரித்த டிரைவர் ஃபோல்டரை ஜிப்பாகப் போடுங்கள்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பல கணினிகளில், இன்ஸ்டால் தொடங்கும்போது எஃப்6 அழுத்தி ஃபிளாப்பியில் டிரைவர் கொடுத்துத்தான் சாட்டா வகை ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் போட்டோம். சிரமம்தான். ஆனால் ஃபிளாப்பிக்குத் தேவையான ஃபைல்களை அன்றைய நிறுவனங்கள் தனியாகவே கொடுத்தன. இத்தனை வருடம் கழித்து இது ஏன் கடினமாகிவிட்டது? உங்கள் உதவி எண்ணில் தமிழ் இல்லை. அரட்டைப் பெட்டியில் எழுதினால் சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொல்கிறது. இங்கிருந்து அதற்கு மதுரைக்கோ திருச்சிக்கோதான் போக வேண்டும். வாரன்டி முடிந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, ஒரு டிரைவருக்காக, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் போவார்கள்? ஏதோ ஒரு தளத்தில் கிடைத்த டிரைவரை இறக்கி, கூடவே வைரஸையும் வாங்கிக்கொள்கிறார்கள். இன்னும் சிலர், விண்டோஸ் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் வீடியோ பார்த்து பயாஸில் விஎம்டியை அணைத்துவிடுகிறார்கள். நீலத்திரை வருகிறது. திரும்ப ஆன் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும் என்று தெரியாமல் ஃபார்மட் செய்து, பிள்ளையின் படிப்பு ஃபைல்களையும் குடும்பப் படங்களையும் இழந்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். கோபம் வருகிறது ஐயா. இதில் எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. புதிதாக விண்டோஸ் 11 போட வருகிறவர்கள் இனி கூடத்தான் செய்வார்கள். அதனால் மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். ஐஎன்எஃப் உள்ள ஜிப் ஃபைல் ஒன்று, மாடல் பெயரைத் தேர்ந்தெடுத்தாலே கிடைக்கும்படி, சீரியல் எண் கேட்காமல். அதன் கீழே, எஸ்எஸ்டி தெரியாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் நான்கு வரி. அந்த நான்கு வரியை எழுதித் தர ஆள் இல்லை என்றால் நானே எழுதித் தருகிறேன், பணம் வேண்டாம். பழைய மாடல்களின் பக்கங்களையும் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். இங்கே ஒரு லேப்டாப்பைப் பல வருடம் வைத்து உழைக்கிறார்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுபார்ப்பவர்,
காரைக்குடி