ஒரு காம்பராவுக்கு மட்டும் மருந்து போட்டால் லயத்துச் சிரங்கு போகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

தோல் நோய்கள் பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் சிரங்கு வந்தால் வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும் என்று எழுதியிருந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் இருக்கும் எங்கள் லயத்தில் எதை வீடு என்பது? வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஓர் அறை, இடையில் ஒற்றைச் சுவர், தண்ணீருக்கு எல்லோருக்கும் ஒரே பீலி. பிள்ளைகள் விளையாடிய இடத்திலேயே யார் வீட்டுக் கம்பளி என்று பார்க்காமல் சுருண்டு தூங்கிவிடும்.

நான் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளை மடுவத்தில் 22 வருடம் வேலை செய்தவள். சிரங்கை விரல் இடுக்கைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பென்சிலால் இழுத்த மாதிரி மெல்லிய சாம்பல் கோடு தெரியும். நுண்ணிய உண்ணி தோலுக்குள் குடைந்து போன வழி அது. பகலில் சும்மா இருக்கிற பிள்ளை, ராத்திரி கம்பளிக்குள் சூடேறியதும் சொறிய ஆரம்பிக்கும்.

இவ்வளவு தெரிந்த நானே போன வருடம் பேத்தி விஷயத்தில் ஏமாந்தேன். மகள் டவுனில் ஒரு பார்மசியில் சொல்லி டியூப் ஒன்று வாங்கி வந்தாள். இரண்டு நாளில் சிவப்பு அடங்கியது. "பார்த்தீங்களா அம்மா, நல்ல மருந்து" என்றாள். மூன்றாவது வாரம் மணிக்கட்டு, தொப்புள், தொடை என்று கிளம்பிவிட்டது. அது ஸ்டெரொயிட் கிரீம். அரிப்பை அமுக்கும், உண்ணியைத் தொடாது.

அப்புறம்தான் வைத்தியசாலைக்குப் போனோம். 5 சதவீத பெர்மெத்ரின் கிரீம் கொடுத்தார்கள். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்துக்கு அடியிலும் விடாமல், ராத்திரி பூசிக் காலையில் கழுவ வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். வீட்டில் ஆறு பேரும் பூசினோம். உண்ணி செத்த பிறகும் சில வாரம் அரிக்கும் என்று டொக்டர் முதலிலேயே சொல்லிவிட்டதால் பயப்படவில்லை. எல்லாம் போய், இரண்டு மாதத்தில் திரும்பவும் வந்தது.

பக்கத்துக் காம்பராவில் கேட்டால், "எங்க பிள்ளைக்கு அப்படி ஒன்னுமில்லையே" என்றார்கள். கொஞ்சம் வெட்கம்தான். ஆனாலும் முழுப் பொய்யென்றும் சொல்ல முடியாது. முதல் தடவை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தனக்கு இருப்பது தெரியாமலே அடுத்தவருக்குக் கொடுப்பார்.

பிஜி தீவுகளில் நடந்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. நம்மைப் போலவே தமிழர்களை வெள்ளைக்காரன் தோட்ட வேலைக்குக் கொண்டுபோன நாடுதான் அதுவும். அங்கே கரும்பு, இங்கே தேயிலை. நோயாளிக்கும் அவரோடு பழகியவர்களுக்கும் மட்டும் கிரீம் கொடுத்த இடத்தில் சிரங்கு 36.6 சதவீதத்திலிருந்து ஒரு வருடத்தில் 18.8க்கு இறங்கியது. இருக்கிறதோ இல்லையோ, ஊர் முழுவதற்கும் ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்த இடத்தில் 32.1லிருந்து 1.9க்கு வந்துவிட்டது. பிள்ளைகளின் சீழ்ப்புண்ணும் கூடவே குறைந்தது. அது சின்ன விஷயமில்லை, சொறிந்த புண்ணில் சேரும் கிருமியால் சிறுநீரகம்கூடக் கெடலாம்.

மாத்திரைதான் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கர்ப்பிணிக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கும் அதைக் கொடுப்பதில்லை. எந்த மருந்து என்பதை டொக்டர்மார் பார்த்துக்கொள்ளட்டும். நான் கேட்பது, சிரங்கு கண்ட லயத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பிரசவம் பார்க்கும் மருத்துவ மாதுவும் தோட்டத்து டிஸ்பென்சரியும் சேர்ந்து ஒரு நாள் குறித்து, முதல் காம்பராவிலிருந்து கடைசிக் காம்பரா வரை மருந்து கொடுக்க வேண்டும். எல்லோரும் பூசினால் யாருக்கும் வெட்கமும் இல்லை. அந்த நாள் சனிக்கிழமையாக இருப்பது நல்லது, மறுநாள் விடிகாலையில் எழுந்து வேலைக்குப் போக வேண்டியதில்லை. மற்ற நாளில் பூசினால் விடிகாலை அடுப்படியில் கை கழுவும்போதே விரல் இடுக்கு மருந்து போய்விடும்.

கம்பளிகளையும் மறக்க வேண்டாம். ஆடி மழையில் இங்கே கம்பளி துவைத்தால் வாரக்கணக்கில் காயாது, அதனால் யாரும் துவைப்பதில்லை. துவைக்கவும் தேவையில்லை. மனித உடம்பை விட்டால் உண்ணி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. பொலித்தீன் பையில் இறுக்கக் கட்டி ஒரு வாரம் மூலையில் போட்டால் போதும். அந்த ஒரு வாரம் பிள்ளைகள் குளிரில் எதைப் போர்த்துவது? மருந்தோடு ஆளுக்கொரு போர்வையும் கொடுக்கத் தோட்ட நிர்வாகத்தால் முடியுமா என்று தங்கள் பத்திரிகை கேட்டுச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
பிள்ளை மடுவத்து ஆயா,
பொகவந்தலாவை.