ஊர்ப் பாட்டுச் சங்கம்: 2025-26 ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். பொதுக்குழுவுல இத நான் வாசிச்சப்ப பின்னாடி உக்காந்திருந்தவுகளுக்கு சரியா கேக்கலைன்னாங்க, திருப்பூர்லயும் சிங்கப்பூர்லயும் இருக்க நம்ம பயலுகளும் கேட்டுக்கிட்டே இருந்தானுக, அதனால அப்படியே டைப் பண்ணிப் போடுறேன். நடுவுல நடுவுல நான் பேசுனதும் சேந்துதான் இருக்கு, தலைவர் ஐயா கோவிச்சுக்க வேணாம். 1975ஆம் வருஷ சங்கங்கள் பதிவுச் சட்டப்படி வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி கணக்கப் பதிவாளர் ஆபீஸ்ல தாக்கல் பண்ணணும், அதுக்கு எழுதுன அறிக்க வேற, அது ஒன்றரைப் பக்கம்தான். இது நமக்குள்ள.

மொதல்ல இரங்கல். கொல்லங்குடி கருப்பாயி அம்மா 2025 ஜூன்ல காலமானாங்க, வயசு 99. ரேடியோல நாட்டுப்புறப் பாட்டு பாடிட்டிருந்தவுக, 1985ல ஆண்பாவம் படத்துல நடிச்சுப் பாடி ஊரெல்லாம் தெரிஞ்சாங்க, கலைமாமணி வாங்குனாங்க. நம்ம சிவகங்கை மாவட்டத்துக்காரவுக. நம்ம சங்கத்துலயும் இந்த வருஷம் ரெண்டு அப்பத்தாமார் போய்ச் சேந்துட்டாங்க. அவுக பாட்டுல ஒண்ணு கூட நம்ம கிட்ட ரெக்கார்ட் இல்ல. எடுக்கலாம் எடுக்கலாம்னு தள்ளிப்போட்டது நான்தான், அத மொதல்லயே சொல்லிடுறேன்.

நிகழ்ச்சிகள். வெளியூர்ல மூணு மேடை ஏறுனோம். ரெண்டு நல்லபடியா முடிஞ்சுச்சு. மூணாவது ஒரு காலேஜ் விழா, பேரு வேணாம், காலைல பத்து மணிக்கு வரச்சொல்லி சாயங்காலம் நாலரைக்கு மேடை ஏத்துனாங்க, அதுலயும் கும்மி ஆரம்பிச்சு வட்டம் ஒரு சுத்து சுத்தி முடியல, கீழ இருந்து ஒரு தம்பி கைக்கடிகாரத்தக் காட்டுறான், மொத்தம் நாலு நிமிஷம்னு. நம்ம மதினிமாரு அதுக்குன்னே ஒரே கலர்ல சேலை எடுத்துக் கட்டிட்டு, மத்தியானம் சோறு கூட அரைகுறையா தின்னுட்டு, வேன்ல ரெண்டு மணி நேரம் போய் வந்தாங்க. திரும்பி வர்றப்ப வேன்ல பாடுனாங்க பாருங்க, அதான் அன்னைக்கு நடந்த உண்மையான கச்சேரி. டிரைவர் சினிமாப் பாட்ட நிறுத்திட்டு, டீக்கடையில வண்டிய நிப்பாட்டாமலே ஓட்டிட்டு வந்தாரு.

அந்த வேன்லதான் எனக்கு ஒண்ணு உறைச்சுச்சு, ஆனா முழுசா வெளங்க இன்னும் ரெண்டு மாசம் ஆச்சு.

ஆடி மாசம் ரெக்கார்டிங் வேலைய ஆரம்பிச்சோம். சமுதாயக் கூடத்துல ஃபேன ஆஃப் பண்ணி, பிளாஸ்டிக் சேர் போட்டு, எதுக்க ஸ்டாண்ட்ல ரெக்கார்டர் வெச்சு, மேலத்தெரு அப்பத்தாவ உக்கார வெச்சோம். ஊருக்கே தெரியும், அதுக்குத் தெரியாத பாட்டில்ல. நாலு வரி பாடுச்சு, நின்னுருச்சு. "மறந்துபோச்சுப்பா"ன்னுச்சு. தண்ணி குடுத்தோம், டீ குடுத்தோம், திரும்ப அதே நாலு வரி. வயசாயிருச்சுன்னு முடிவு பண்ணி கொண்டுபோய் வீட்டுல விட்டுட்டு வந்துட்டோம். அடுத்த வாரம் சந்தா வாங்கப் போறேன், திண்ணையில முறத்த வெச்சுக்கிட்டு விதைக்கடலை உடைச்சுக்கிட்டு இருக்கு, பக்கத்துல ரெண்டு பேரு. தொலி உடையுற சத்தம் டக்கு டக்குன்னு ஒரே சீரா விழுது, அதுக்கு மேல பாட்டு தானா ஓடுது. இது ஒரு வரி எடுத்துக்குடுக்குது, அவுக ரெண்டு பேரும் தன்னானேன்னு பின்பாட்டு பாடுறாக, பாடி முடிக்கிறதுக்குள்ள இதுக்கு அடுத்த வரி வந்துருது. முக்கா மணி நேரம். ரெக்கார்டர் வீட்டுல, போன்ல சார்ஜ் பதினொரு சதவீதம், வந்தவரைக்கும் எடுத்தேன்.

அப்பத்தான் புரிஞ்சுச்சு, அதுக்கு மறக்கல. நாமதான் கையச் சும்மா வெச்சுக்கிட்டுத் தனியா பாடச் சொல்லிருக்கோம். பின்பாட்டுக்கு ஆள் இல்லைன்னா எடுத்துக்குடுக்குறவுக மூச்சு வாங்குறது எங்க, அடுத்த அடிய யோசிக்கிறது எங்க? நம்ம பக்கம் கண்மாய் தண்ணிய நம்பி புழுதி விதைப்புதான், அதாவது காஞ்ச மண்ணுல நேரா விதைக்கிறதுதான் அதிகம், நடவு கம்மி, அதனால நடவுப் பாட்ட விட களையெடுப்புப் பாட்டுதான் ஊருக்குள்ள ஜாஸ்தி இருந்துச்சு, பத்துப் பதினஞ்சு பேரு வரிசை கட்டிக் குனிஞ்சுக்கிட்டே போவாக, வரப்பு வர்ற வரைக்கும் பாட்டும் வரும். இப்ப களைக்கொல்லிய அடிச்சு விட்டா முடிஞ்சுச்சு, ஒத்த ஆளு, முதுகுல டேங்க், மூக்குல துணி. அவரு யாரோட சேந்து பாடுவாரு? களைக்கொல்லி வேணாம்னு நான் சொல்லல, களை கூலி குடுத்துக் கட்டுப்படியாகாதுன்னு எனக்கும் தெரியும், நானும் அடிக்கிறவன்தான்.

இதுல ஒரு கூத்து. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துல மேலத்தெரு அப்பத்தாவச் சேக்கலாம்னு ஃபாரம் எடுத்துட்டுப் போனேன். "அப்பத்தா, உனக்கு என்ன கலைன்னு எழுத?" "களையா, எல்லாக் களையும் எடுப்பேன்ப்பா, கோரை மட்டும் கை வலிக்கும்." பொருளாளர் மதினி சிரிச்ச சிரிப்புல ஃபாரத்துல டீ கொட்டிருச்சு. புது ஃபாரம் வாங்கி எழுதி வெச்சாச்சு, அனுபவத்துக்குச் சான்று வாங்கணும், அது இன்னும் பாக்கி. அதே மாதிரி மாவட்ட அளவுல வயசு வாரியா குடுக்குற விருது இருக்கு, 18 வயசு வரைக்கும் கலை இளமணி, 35 வரைக்கும் வளர்மணி, 50 வரைக்கும் சுடர்மணி, 65 வரைக்கும் நன்மணி, அதுக்கு மேல முதுமணி. முதுமணிக்கு நம்ம ஊர்ல தகுதியான ஆளு எத்தன பேரு வேணும்? இளமணிக்குத்தான் தேடணும்.

முளைப்பாரி பத்தி கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா இந்த வருஷம் உருப்படியா நடந்தது அதான். வழக்கமா காப்புக் கட்டுன அன்னைக்கே பெரிய பாக்ஸ் ஸ்பீக்கர் வந்துரும், எட்டு நாளும் சினிமாப் பாட்டு, பொம்பளைங்க கும்மி கொட்டுறது அவுகளுக்கே கேக்காது. இந்த தடவ விழாக் கமிட்டியில உக்காந்து பேசி, சாயங்காலம் ஏழுல இருந்து எட்டு வரைக்கும் செட்ட ஆஃப் பண்ணணும்னு ஒத்துக்க வெச்சோம். இளவட்டங்க மூஞ்சி சுளிச்சாங்க, அது இருக்கட்டும். மொத நாளு செட்டு நின்னதும் ஊரே அமைதியாயிருச்சு, யாரு மொதல்ல வாயத் தெறக்குறதுன்னு ஒருத்தர ஒருத்தர் பாக்குறாக. ஒம்பது பேருதான் வட்டத்துல. முளைப் பாட்டுல ஒரு ஒழுங்கு இருக்கு, ஓடு வாங்குனது, எருப்பொடி அள்ளுனது, வைக்கோல் பரப்புனது, தானியம் ஊற வெச்சது, விதை போட்டது, மொத நாள் மொளை, மூணாம் நாள் மொளைன்னு அப்படியே வரிசையா வரும், அத மாத்திப் பாடுனா கெழவிக விடாது, நிறுத்தித் திருப்பிப் பாட வைக்கும். மூணாவது நாளு ஒரு காலேஜ் புள்ள தட்டப்பயற முன்னாடியும் மொச்சைய பின்னாடியும் பாடிருச்சு, ஒரு அம்மாச்சி கையத் தட்டாம அப்படியே நின்னுருச்சு, வட்டமே நின்னுபோச்சு. அந்தப் புள்ளைக்கு கண்ணு கலங்கிருச்சு, ஆனா மறுநாள் நோட்டுல எழுதி மனப்பாடம் பண்ணிட்டு வந்து நின்னுச்சு. எட்டாம் நாளு இருட்டு வீட்டுல இருந்து வெளிறிப்போன மஞ்ச மொளையோட ஓடுகள வெளிய எடுத்து, தலையில வெச்சு, கண்மாய்க்குக் கரைக்கப் போறப்ப வட்டத்துல நாப்பது பேருக்கு மேல. குலவை சத்தம் அடுத்த ஊரு வரைக்கும் கேட்டுச்சாம், அந்த ஊர்க்காரவுக சொன்னது.

ஒப்பாரி. இது எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். நல்லா இருக்க வீட்டுக்குள்ள ஒப்பாரி பாடுனா ஆகாதுன்னு யாரும் பாட மாட்டாக, அது சரிதான். அதனால ஒரு ஆத்தாவக் கூட்டிக்கிட்டு கண்மாய்க் கரை ஆலமரத்தடிக்குப் போனோம். சும்மா மாதிரிக்கு ரெண்டு வரி போதும் ஆத்தான்னுதான் சொன்னேன். ஆரம்பிச்சது மாதிரிக்குத்தான், ஏழாவது எட்டாவது வரியில பதினாறு வருஷத்துக்கு முந்திப் போன அவுக மகன் பேரு வந்துருச்சு, அப்புறம் அது பாட்டில்ல. ரெக்கார்டர ஆஃப் பண்ணிட்டேன். பக்கத்துல இருந்தவுக போய் கட்டிப்பிடிச்சு உக்காந்துட்டாக. அந்த ஆறு நிமிஷ ரெக்கார்ட வாட்ஸ்ஆப்ல யாருக்கும் அனுப்புறதில்லைன்னு செயற்குழுவுல தீர்மானம் போட்டிருக்கோம், கேட்டு யாரும் போன் பண்ண வேணாம்.

அப்புறம் நூறு நாள் வேலை. இன்னைக்கு நம்ம ஊர்ல முப்பது நாப்பது பொம்பளைங்க ஒரே எடத்துல மண்ணு வெட்டுறது அங்க மட்டும்தான், அதனால பாட்டும் இப்ப அங்கதான் இருக்கு. நான் போன அன்னைக்கு, வருகைப் பதிவுக்கு ஆப்ல ரெண்டு தடவ போட்டோ எடுக்குறாங்கல்ல, அத அப்பவே கட்டிப் பாடுனாக:

காலையில ஒரு போட்டோ தன்னானே
மதியத்துல ஒரு போட்டோ தன்னானே
கருத்துப்போன மூஞ்சியத்தான்
கூப்புட்டு வெச்சு எடுக்குறாக தன்னானே

யாரு கட்டுனதுன்னு கேட்டா ஒருத்தரும் ஒத்துக்கல.

கணக்கு. முன் இருப்பு 6,240. சந்தா ஆளுக்கு 200, 47 பேர்ல 39 பேரு கட்டியிருக்கீங்க, 7,800 (மிச்ச எட்டுப் பேரு யாருன்னு சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும்). நன்கொடை 11,500, மேடை வரவு 15,000. ஆக 40,540. செலவு வேன் 9,600, சேலை 12,800, ரெக்கார்டர் மெமரி கார்டு 7,450, ஒத்திகை டீ வடை 3,915, ஆடிட்டர், பதிவு செலவு 2,500, மொத்தம் 36,265. கையிருப்பு 4,275. சேலைக்கும் வேனுக்கும் போட்டதுல பாதிய ரெக்கார்டிங்குக்குப் போட்டிருந்தா அந்த ரெண்டு அப்பத்தாமாரு குரலு இப்ப நம்ம கிட்ட இருந்திருக்கும். வர்ற வருஷம் மேடை ஒண்ணு போதும்னு நான் சொன்னேன், காரசாரமா பேச்சு நடந்துச்சு, ரெண்டுன்னு முடிவாயிருக்கு.

வைகாசி கடைசியில தலைவர் ஐயா வீட்டுல ஆடிப் பட்டத்துக்கு விதைக்கடலை உடைக்கிறாங்க, நாலு மூட்டை இருக்கு. ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்கு முறம் இருக்கவுக முறத்தோட வாங்க. சின்னப் புள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. பாடுங்கன்னு யாரும் யாரையும் கேக்க வேணாம், கடலை உடைச்சா போதும். ரெக்கார்டர நான் மாடக்குழியில வெச்சுருவேன். காப்பி மதினி பொறுப்பு.