இன்னும் கத்தரி போட்டிருக்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் படத்தொகுப்பாளர் பி. லெனினைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நம் பத்திரிகைகளில் ஓர் எடிட்டருக்கு நான்கு பக்கம் கிடைப்பதே அபூர்வம். அதற்கு முதலில் நன்றி. எண்பதுகளில் கோடம்பாக்கத்தில் ஏழு வருடம் உதவி எடிட்டராக இருந்தவன் நான். லெனினிடம் வேலை பார்த்ததில்லை. தூர நின்று பார்த்து வியந்தவன், அவ்வளவுதான்.

கட்டுரையில் ஒரு வரி உறுத்தியது. தேவையில்லாததை வெட்டி எறிவதுதான் எடிட்டரின் வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். வெட்டுவது கடைசியில் நடப்பது. அதற்கு முன்னால் பொறுக்கி எடுப்பது என்று ஒன்று இருக்கிறது. ஒரே வசனத்தை நடிகர் ஆறு டேக்கில் பேசியிருப்பார். இரண்டாவதில் கண் நன்றாக இருக்கும், ஐந்தாவதில் கை. சில சமயம் பேசுகிறவரை விட்டுவிட்டு, எதிரே கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்துக்குப் போவதுதான் சரியாக இருக்கும். ரஷ், அதாவது எடுத்தபடியே இருக்கும் வெட்டாத ஃபிலிம், பார்க்கும்போதே இதெல்லாம் மனதில் விழ வேண்டும்.

லெனினையே எடுத்துக்கொள்ளுங்கள். 1994-இல் வந்த 'காதலன்' படத்துக்கு வி.டி. விஜயனுடன் சேர்ந்து தேசிய விருது வாங்கினார். பாட்டுக்கெல்லாம் வெட்டு எப்படிப் பறக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். 1979-இல் வந்த 'உதிரிப்பூக்கள்' படத்துக்கும் அவர்தான் எடிட்டர். அந்த ஆற்றங்கரைக் கடைசிக் காட்சியில் யாருக்கும் எந்த அவசரமும் இல்லை. இரண்டும் ஒரே கை என்றால் இன்றைய பையன்கள் நம்பமாட்டார்கள். ஒன்றில் கை ஓயாமல் வேலை செய்தது. இன்னொன்றில் பல இடங்களில் கை வைக்காமல் இருந்தது. இரண்டாவதுதான் கஷ்டம் என்பேன்.

அவருடைய அப்பா பீம்சிங்கையும் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அவர் இயக்குநராவதற்கு முன்னால் இரட்டை இயக்குநர்களான கிருஷ்ணன்–பஞ்சுவிடம் எடிட்டிங் உதவியாளராக இருந்தவர். அந்தப் பஞ்சுவே எடிட்டர்தான். 'பராசக்தி' (1952) டைட்டிலில் 'பஞ்சாபி' என்று வருவது அவர்தான். பஞ்சுவிடமிருந்து பீம்சிங், பீம்சிங்கிடமிருந்து லெனின் என்று கைமாறி வந்த தொழில் இது. அப்பா ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலைப் படமாக்கினார். மகன் அதே ஜெயகாந்தனின் 'ஊருக்கு நூறு பேர்' நாவலை எடுத்து, 2001-ஆம் ஆண்டுக்கான சிறந்த இயக்குநர் தேசிய விருதை வாங்கினார். அதற்கும் முன்னால் 'நாக் அவுட்' என்ற குறும்படத்துக்கும் தேசிய விருது. இதெல்லாம் எடிட்டிங் அறையிலிருந்து வந்தது என்பதைச் சொல்லியிருக்கலாம்.

அந்த அறை எப்படி இருக்கும் என்று இப்போது யாருக்கும் தெரியாது. நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப் படங்கள்; ஃபிலிமில் அடிக்கு 16 ஃபிரேம். ஆயிரம் அடி ரீல் ஓடினால் பதினோரு நிமிடம். எடிட்டர் மெழுகுப் பென்சிலால் பாசிட்டிவில் (நெகட்டிவிலிருந்து எடுத்த பிரதியில்) கோடு போடுவார், நாங்கள் வெட்டி ஒட்டுவோம். வெட்டிய துண்டுகளை, துணி கட்டிய தொட்டிக்கு மேலே ஆணியில் வரிசையாகத் தொங்கவிட்டு, எந்தத் துண்டு எந்த ஷாட் என்று எழுதி வைப்போம். எதையும் குப்பையில் போடக் கூடாது. மறுநாள் எடிட்டர் வந்து, "நேத்து எடுத்தோமே, அந்த எட்டு ஃபிரேம், அதைக் குடு" என்பார். எட்டு ஃபிரேம் என்றால் அரையடி, ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு முறை அப்படி ஒரு துண்டைத் தேடி ராத்திரி இரண்டு மணி வரை தரையில் தவழ்ந்திருக்கிறேன். கடைசியில் தொட்டித் துணியின் மடிப்பில் கிடந்தது. அதைச் சேர்த்து ஓட்டிப் பார்த்தபோது கதாநாயகி ஒரு முறை கண் சிமிட்டினாள், காட்சி உயிரோடு வந்தது. அவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருந்த எடிட்டர் ஒன்றும் பேசாமல் டீ சொன்னார்.

இப்போது கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த எட்டு ஃபிரேம் வந்துவிடும். நல்லதுதான், முதுகு தப்பித்தது.

என் உண்மையான வருத்தம் உங்கள் விமர்சனப் பகுதியைப் பற்றியது. படம் நீளம் என்றால் "எடிட்டர் இன்னும் கத்தரி போட்டிருக்கலாம்" என்று ஒரு வரி வந்துவிடுகிறது. படம் நன்றாக இருந்தால் "படத்தொகுப்பு கச்சிதம்", அதோடு சரி. நான் வேலை பார்த்த ஒரு படத்தில், ஒட்டவே ஒட்டாத ஒரு நகைச்சுவைப் பகுதியை எடிட்டர் எடுத்துவிட்டார். தயாரிப்பாளர் பணம் போட்டு எடுத்ததாயிற்றே, ரிலீசுக்கு இரண்டு நாள் முன்பு அதைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தோம். ஒரு பத்திரிகை "எடிட்டர் தூங்கிவிட்டாரா?" என்று கேட்டது. அவர் பதில் எழுதவில்லை. எழுதினால் அடுத்த படம் கிடைக்காது.

வெளியூர்க் கதையும் இதேதான். 2022 ஆஸ்கர் விழாவில் எடிட்டிங் உள்ளிட்ட எட்டு விருதுகளை நேரலை தொடங்குவதற்கு முன்பே கொடுத்து, அப்புறம் வெட்டிச் சுருக்கி ஒளிபரப்பினார்கள். அந்த வெட்டையும் ஓர் எடிட்டர்தான் செய்திருப்பார்!

அடுத்த முறை ஒரு படத்தின் நீளத்தைக் குறை சொல்வதற்கு முன், கடைசி முடிவு யாருடையது என்று உங்கள் விமர்சகர் ஒரு போன் போட்டுக் கேட்கலாம்.

அப்புறம், கட்டுரையோடு வந்த படத்தில் இருப்பது புரொஜெக்டர் அல்ல, எடிட்டர் ஃபிலிமை ஓட்டிப் பார்க்கும் மூவியோலா இயந்திரம். கீழே கால் பெடல் தெரிகிறது பாருங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் உதவி எடிட்டர் ஒருவர்,
சென்னை