பர்மா ஐந்தொகையில் எழுதாத நட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

போர்களும் கொள்ளைநோய்களும் விட்டுச்செல்லும் நீண்டகாலப் பொருளாதார விளைவுகள் பற்றிய ஞாயிறு கட்டுரையைப் படித்தேன். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, ‘சில பத்தாண்டுகளில் உற்பத்தி மீண்டுவிடும்’ என்று முடித்திருக்கிறார் கட்டுரையாளர். வட்டிச்சிட்டையை (வட்டிக் கணக்குப் புத்தகத்தை)ப் பார்த்து வளர்ந்த செட்டிநாட்டு ஊர்க்காரனுக்கு அது செரிக்கவில்லை.

கொள்ளைநோயில் ஆள் போனாலும் நிலமும் வீடும் நிற்கும். 1347 முதல் 1351 வரையிலான பிளேக் ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மக்களைக் கொண்டுபோனது. உழைப்புக்குக் கிராக்கி ஏறியது. கூலி உயரக் கூடாதென்று இங்கிலாந்து 1351இல் சட்டம் போட்டும் பலிக்கவில்லை. முதல் (நிலம், வீடு, பணம் போன்ற மூலதனம்) மிகுந்து ஆள் குறைந்தால் வட்டி இறங்கும். போரோ முதலையும் சேர்த்து அழிக்கும். கொரோனாவில் மாண்டவர்களில் முதியவர்களே மிகுதி என்பதால், பிளேக்குக்குப் பிந்திய கூலி உயர்வை இப்போது தேடுவதும் வீண்.

கட்டுரை தொடாத இடம் ஒன்று உண்டு. மீண்ட உற்பத்தி யாருடைய கையில் சேர்ந்தது? பர்மாவில் வட்டிக்கடை நடத்திய எங்கள் ஊர்க்காரர்களின் கதையைப் பாருங்கள்.

1930இல் கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வசம் இருந்த நிலம் சுமார் 6 விழுக்காடு. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து உழவர்கள் கடனைக் கட்ட முடியாமல் போகவே, 1938க்குள் அது 25 விழுக்காடாயிற்று. வேண்டிக் கேட்ட நிலமன்று, வாராக்கடனுக்கு வந்த நிலம். (நிலத்தை இழந்த பர்மிய உழவரின் கோபம் வேறு கதை, அதையும் மறைக்கக் கூடாது.) 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. கிட்டங்கியை (வட்டிக்கடை நடத்திய இடத்தை)ப் பூட்டிவிட்டு அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்தவர்கள் பலர். 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம், 1962இல் ராணுவ ஆட்சி, 1963இல் வங்கிகளும் போயின. ஐராவதி வயல்கள் அங்கேயேதான் இருக்கின்றன, பத்திரம்தான் காகிதமாயிற்று.

உற்பத்தியாவது மீண்டதா? போருக்கு முன் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்த பர்மா, அரை நூற்றாண்டு கழிந்தும் அந்த அளவைத் தொடவில்லை. பழைய கடன் ஏற்பாடு சிதைந்ததும், அரசே கொள்முதலைக் கையில் எடுத்ததும் அதற்குக் காரணங்கள். குண்டுவீச்சின்மீது மட்டும் பழிபோட முடியாது.

இங்கே செட்டிநாட்டில் மிஞ்சியவை, பணத்தை முன்பே வேறு வழியில் திருப்பியவர்களால் வந்தவை: ஆலைகள், வங்கிகள், 1947இல் தொழிலதிபர் அழகப்பச் செட்டியார் தொடங்கிய கல்லூரி. மற்றபடி, பர்மாத் தேக்குத் தூண்களைக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலை கேட்கலாம்.

நகரத்தாரின் பெரிய வளவு வீடுகளின் பரண்களில் பர்மாக் காலத்துக் கணக்கேடுகள் இன்னும் கிடக்கின்றன. எந்த ஊரில், என்ன வட்டிக்கு, எவ்வளவு திரும்பவில்லை என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். வீடு இடிபடும்போது அவை எடைக்குப் போகின்றன. அவற்றைக் கேட்டு வாங்கிப் படியெடுக்கும் பணியை அழகப்பா பல்கலைக்கழகம் மேற்கொள்ளுமா? தங்கள் இதழ் இதைக் கேட்டு எழுதினால் பலன் இருக்கும்.

இங்ஙனம்,
வாசகர்,
தேவகோட்டை