குமரனுக்கு, ஏப்ரல் தவணையை முன்னிட்டு

அன்புள்ள குமரனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது.

வீட்டு வரியின் இரண்டாம் தவணையை ஏப்ரல் 10-ஆம் தேதிக்குள் கட்டாவிட்டால் 10 விழுக்காடு அபராதம் என்று சென்ற ஆண்டு நீதான் சொன்னாய். இந்த ஆண்டு நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வரியை வசூலிக்கும், நம்மூர் மாவட்ட நிர்வாகம் போன்ற உங்கள் சான்டா கிளாரா கவுண்டி மக்களுக்கு என்னதான் செய்கிறது என்று சில நாள்களாகப் படித்துவருகிறேன். தாலுகா அலுவலகத்திலேயே காலம் கழித்தவனுக்கு இந்த ஆர்வம் இயல்புதானே.

பிறப்புச் சான்றிதழ், திருமண உரிமம், தேர்தல், சிறை ஆகியவையெல்லாம் அவர்கள் பொறுப்பு என்பது உனக்குத் தெரியும். என்னை நிறுத்தி வாசிக்கவைத்தது கலிபோர்னிய மாநிலத்தின் நலத்துறைச் சட்டத் தொகுப்பின் 17000-ஆவது பிரிவு. வறியவர்களையும், முதுமையாலோ நோயாலோ விபத்தாலோ இயலாமல் போனவர்களையும் ஆதரிப்பது ஒவ்வொரு கவுண்டியின் கடமை என்று அது சொல்கிறது. நடத்தியவர்கள் திவாலான நிலையில், ஓ'கானர், செயின்ட் லூயிஸ் ஆகிய இரண்டு மருத்துவமனைகளை 2019-இல் உங்கள் கவுண்டியே விலைக்கு வாங்கி மூடவிடாமல் காத்தது. 2020 மார்ச் 16 அன்று மாநில அரசுக்கு மூன்று நாள் முந்திக்கொண்டு மக்களை வீட்டிலிருக்கச் சொன்ன ஆறு கவுண்டிகளில் அதுவும் ஒன்று. அந்த நாள்களில் உன் தெருவின் முதியவர்களுக்கு நீ காய்கறி வாங்கிக் கொடுத்ததை இன்றும் பலரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிறருக்காக ஓடிய நீ, உனக்கென்று வரும்போது மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை?

வருமானம் குறைந்தவர்களுக்கு அந்த மாநிலம் தரும் மெடி-கால் மருத்துவக் காப்பீட்டுக்கான விண்ணப்பத்தைக் கவுண்டியின் சமூக சேவை அலுவலகமே பரிசீலிக்கிறது. வருமானம் குறைந்தால் ஆண்டின் எந்த மாதத்திலும் விண்ணப்பிக்கலாம். நிலாவுக்கு ஆஸ்துமா இருக்கும் வீட்டில் ஒரு நாள்கூடக் காப்பீடு இல்லாமல் இருக்கக் கூடாது. எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்ல 211 என்ற எண் இருக்கிறது, அழைத்துக் கேள். மனம் தாங்காத நேரத்தில் பேசுவதற்கு 988, இரவு பகல் எந்நேரமும் உண்டு. இரண்டையும் குறித்து வைத்துக்கொள். குடியுரிமை பெற்று, ஒழுங்காக வரி கட்டி, கவுண்டியை நிர்வகிக்கும் மேற்பார்வையாளர்கள் ஐவரில் உன் தொகுதிக்கு உரியவரைத் தேர்ந்தெடுக்க வாக்கும் உள்ளவன் நீ. அந்த அலுவலகப் படியேறுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. எங்கள் அலுவலக வாசல்வரை வந்து, கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பிப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே மறுபடியும் சொல்கிறேன், 211-ஐ அழை.

அதே 17000-ஆவது பிரிவில் உறவினர்கள் ஆதரிக்காதபோது என்றொரு நிபந்தனையும் இருக்கிறது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மேலத்தெரு மனையைப் பற்றிச் சித்தப்பாவிடம் பேசிவிட்டேன். பத்திரம் என் பெயரில்தான் இருக்கிறது. எவ்வளவு வேண்டும் என்று மட்டும் எழுது. காரணம் எழுத வேண்டியதில்லை.

அன்புடன்,
அப்பா