அழுத்தினால்தான் வலி போகுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் மசாஜ் பற்றி வந்த கட்டுரையில், ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பெங்கும் தீராத வலியும் அசதியும் தரும் நோய்) உள்ளவர்கள் நன்றாக அழுத்திப் பிடித்துவிடச் சொன்னால் சரியாகிவிடும் என்று போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன், அப்படி அழுத்தி வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான்.

எனக்கு 47 வயது, தையல் வேலை. கழுத்து, தோள், இடுப்பு, முட்டி என்று இடம் மாறி மாறி வலி, காலையில் எழும்போதே ராத்திரி முழுக்க மூட்டை சுமந்த மாதிரி அசதி. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் நார்மல். எல்லாம் நார்மல் என்றதும் வீட்டில் என்ன பேச்சு வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாலு வருடம் கழித்துத்தான் ஒரு மூட்டுவாத மருத்துவர் இது ஃபைப்ரோமயால்ஜியா என்று நோயின் பெயரைச் சொன்னார்.

அதற்குள் யாரோ சொன்னார்கள் என்று எண்ணெய் மசாஜ் செய்யும் இடத்துக்குப் போய்விட்டேன். அங்கிருந்த அம்மா முழங்கையைத் தோள்பட்டையில் ஊன்றி இறக்கினார். அழுதேவிட்டேன். "வலிக்கட்டும்மா, வலிச்சாத்தான் முடிச்சு விடும்" என்றார். அடுத்த மூன்று நாள் சீப்பைத் தலைக்குத் தூக்க முடியவில்லை, மகள்தான் பின்னிவிட்டாள்.

1990-இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் வகுத்த முறைப்படி, உடம்பில் 18 இடங்களில் கட்டைவிரலால் சுமார் 4 கிலோ அளவுக்கு, அதாவது நகம் வெளுக்கிற வரை அழுத்திப் பார்ப்பார்கள். 11 இடத்தில் வலித்தால் இந்த நோய் என்று கணக்கு. (2010-இல் அந்தப் புள்ளிக் கணக்கைக் கைவிட்டார்கள், அது வேறு கதை.) மற்றவர்களுக்கு வெறும் அழுத்தமாகத் தெரிவது எங்களுக்கு வலியாகத் தெரிகிறது, நோயே அதுதான். கட்டைவிரலுக்கே இந்தக் கதி என்றால் முழங்கை?

இப்போது ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் போகிறேன். முதல் நாள் என் முன்கையில் உள்ளங்கையை வைத்து, "பத்துக்கு எத்தனை வலிக்குது, சொல்லிக்கிட்டே இருங்கக்கா" என்றார். மூன்றைத் தாண்டினால் கையைத் தளர்த்திவிடுவார். வெதுவெதுப்பான நல்லெண்ணெய், 20 நிமிடம், அவ்வளவுதான். அன்று ராத்திரி நடுவில் எழாமல் தூங்கினேன். அதற்காக நோய் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், இரண்டு நாளில் வலி திரும்பியது. வாரம் ஒருமுறை என்று இரண்டு மாதம் போன பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. இந்த நோய்க்கு மசாஜ் செய்து பார்த்த ஒன்பது ஆய்வுகளை 2014-இல் சேர்த்துப் பார்த்தவர்களும், ஐந்து வாரமாவது தொடர்ந்தால்தான் பலன் என்றே சொன்னார்கள். ஐரோப்பிய வாதநோய் அமைப்போ 2016-இல் மசாஜுக்குச் சான்று போதாது என்று ஒதுக்கிவிட்டு, உடற்பயிற்சியை மட்டும்தான் உறுதியாகச் சொன்னது. எனக்கு அதில் சண்டை இல்லை. மசாஜ் எடுத்த மறுநாள்தான் என்னால் அரை மணி நேரம் நடக்க முடிகிறது, மற்ற நாளில் தெருமுனையோடு திரும்பிவிடுவேன்.

நம் சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று சொல்லும் மசாஜிலேயே ஒன்பது வகை உண்டு, அழுத்தல் அதில் ஒன்றுதான். மசாஜுக்குப் படுக்கும் முன்பே நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள், மறுநாளும் வலி கூடியே இருந்தால் அடுத்த முறை மெதுவாகச் செய்யச் சொல்லுங்கள் என்று அடுத்த கட்டுரையிலாவது எழுதுங்கள். அப்புறம், அதே பக்கத்தின் கீழே "பத்தே நாளில் பூரண குணம்" என்று ஒரு விளம்பரம் இருந்ததே, அதையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விருதுநகர்