பஸ் எண்ணிய அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணா,

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டை இன்னும் 2 வருடத்துக்கு வாடகைக்கு எடுத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் கிளிநொச்சிக்கு வந்தேன். 3 நாளாக வாய் வரவில்லை. நீங்கள் இப்போது சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் கட்டப் போயிருக்கிறீர்கள். திரும்பி வரும்போது நான் கொழும்பு பஸ்ஸில் இருப்பேன்.

அந்த வீட்டின் முதல் முற்பணம் எதை விற்று வந்தது என்பதை இங்கே எழுதமாட்டேன். ஊரார் கண்ணும் இதில் படும்.

சாவி வாங்கிய அன்று இரவு, காலி வீதியைப் பார்த்த பல்கனியில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு பஸ் எண்ணினீர்கள். பாணந்துறைக்குப் போவது 100ஆம் இலக்கம், மொரட்டுவைக்கு 101ஆம் இலக்கம். கீழே கொத்து ரொட்டிக் கடையில் தகடு தட்டும் சத்தம், பின்னால் கடலோரமாக ரயில். பத்து மணி தாண்டியும் நடைபாதையில் பிள்ளைகள் ஐஸ்கிரீமும் கையுமாக நடந்தார்கள். நாற்பத்தொன்றில் நிறுத்தி, "கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை. தெரிந்து வைத்திருக்கத் தேவையே வரவில்லை என்றேன். சிரித்தீர்கள். நம் ஒழுங்கை முகப்பில் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. விட்டால் பரந்தன் சந்தி வரைக்கும் நடை. அந்த நடையில் என் புத்தகப் பையையும் சுமந்தவர் நீங்கள்.

மறுநாள் காலை வீட்டுக்காரம்மாவிடம், "தங்கச்சி கலியாணம் வரைக்கும்தான் இங்கே இருப்பாள்" என்றீர்களே, ஏன்? எந்த ஊர் என்று கேட்டு, வன்னி என்றதும் பேனாவை மூடிய மனுஷி அவர். யார் வருவார், எத்தனை மணிக்குக் கதவு பூட்டுவாய் என்று என்னை உரித்தெடுத்த பிறகே உடன்படிக்கையை நீட்டினார். நீங்கள் ஒரே வாக்கியத்தில் என்னை மறுபடியும் விருந்தாளி ஆக்கினீர்கள்.

2007 ஜூனில் லொட்ஜுகளிலிருந்து நம் தமிழ்ச் சனங்களைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பிய இடம்தானே என்பீர்கள். தெரியும். அதே தெருவில் என் பெயரில் ஒரு வாடகை உடன்படிக்கை இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இதைக்கூட விளக்க வேண்டுமா?

அம்மாவின் கிளினிக் நாட்கள் முழுக்க உங்கள் தலையில்தான். மன்னியுங்கள். ஆனால் காணிப் பேச்சு வந்தபோதெல்லாம் நான் எழுந்து போனதற்கு உங்களிடமிருந்து ஒரு சொல் வந்திருக்கலாம். போகட்டும்.

அம்மாவின் குளிசைகளைக் காலை, இரவு என்று பிரித்து வைத்திருக்கிறேன். இரண்டாவது சாவியை உங்கள் மோட்டார் சைக்கிள் சாவியோடு கோர்த்திருக்கிறேன். யாழ்தேவி ரயிலில் வந்தால் கொழும்புக் கோட்டையில் இறங்கிக் கரையோர ரயில் எடுங்கள். பஸ் என்றால் 100, 101. உங்களுக்குத் தெரியாததா.